கீமோ காலத்தில் வீடியோ காலில் தசைப்பயிற்சி செய்யலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆத்தாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு மதுரையில் கீமோ ஏற்றுகிறார்கள். எழுந்து நடக்கவே அசதி. வீடியோ காலில் தசைப்பயிற்சி தருவதாக ஒருவர் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார். சேரலாமா?"

பயிற்சி செய்யட்டும். பணம் கொடுக்காதீர்கள்.

கீமோ அசதி படுத்தே கிடந்தால் போகாது. தசை கரையக் கரைய அசதி கூடும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று வாரம் 2 நாள், ஒவ்வொன்றும் 8 முதல் 10 தடவை போதும்.

அந்த ஆளிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: "ஆத்தாவோட கடைசி ரத்த ரிப்போர்ட் வேணாமா?" கீமோ ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) 50,000-க்குக் கீழே என்றால் டாக்டரைக் கேட்காமல் எடை தூக்கக் கூடாது. காய்ச்சல் 100.4 தொட்டால் நேரே ஆஸ்பத்திரிதான். இதையெல்லாம் விசாரிக்காமல் எல்லோருக்கும் ஒரே வீடியோவை அனுப்பி, கூடவே புரோட்டீன் பவுடர் டப்பாவும் விற்பவர் பயிற்சியாளர் இல்லை, தரகர். கீமோ வார்டு வாசலிலேயே நம்பர் வாங்கிப்போகும் இப்படிப்பட்டவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. பிசியோதெரபி பட்டம் உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. பாக்ளிடாக்சல் போன்ற கீமோ மருந்துகளால் உள்ளங்கால் மரத்துப்போகலாம். உங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல்லாகத்தான் இருக்கும். துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாகிவிட்ட தரை. துளி ஈரம் பட்டாலும் வழுக்கும். மரத்த காலுக்கு வழுக்குவதே தெரியாது. கால் மரத்திருந்தால் எல்லாவற்றையும் உட்கார்ந்தே செய்யட்டும். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். வீட்டுக்குள் செருப்பா என்று ஆத்தா முகம் சுளிப்பார். பரவாயில்லை, பின்வார் வைத்த ரப்பர் செருப்பு போட்டுவிடுங்கள். சாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். வீடியோ காலில் முகம் மட்டும் தெரிந்தால் கால் தடுமாறுவது எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாது. தலை முதல் பாதம்வரை தெரியும்படி போனைத் தள்ளி வையுங்கள்.

நியாயமாக இதை ஆஸ்பத்திரியே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்குப் பத்து வரி, 'நன்றாக ஓய்வெடுக்கவும்' என்று ஒரு வரி. தசைக்கு ஒரு சொல் கிடையாது. அடுத்த முறை மதுரை போகும்போது பிசியோவுக்கு எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் விடாமல் கேளுங்கள். நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா, இதயம் எப்படி என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.