பினாங்குச் சாலையில் மதுரைப் பழக்கம்

கேள்வி: மதுரையிலிருந்து வேலைக்காக இங்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஊரில் வாங்கிய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் கொண்டு நண்பருடைய காரை ஓட்டிவருகிறேன். இந்தியாவைப் போலவே இங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். எனக்குப் பதினைந்தாண்டு அனுபவமும் உண்டு. அப்படியிருக்க, மீண்டும் பயிற்சிப் பள்ளிக்குப் போகத்தான் வேண்டுமா?
- வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: முதலில் அந்த அனுமதிப் புத்தகம் வழங்கப்பட்ட தேதியைப் பாருங்கள். ஓராண்டுக் கணக்கு அந்த நாளில்தான் தொடங்குகிறது. நீங்கள் விமானத்தை விட்டு இறங்கிய நாளில் அல்ல. புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே வாங்கியிருந்தால் இன்னும் ஒரு மாதமே மிச்சம். அது காலாவதியான பிறகு நீங்கள் ஓட்டினால், உரிமமில்லாதவருக்கு வண்டியைக் கொடுத்த குற்றத்திற்காக, 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் உங்கள் நண்பரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அயல்நாட்டு உரிமத்தை மலேசிய உரிமமாக மாற்றிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் முகப்பில் நேரில் கேளுங்கள். முடியாது என்றால் பயிற்சிப் பள்ளிதான் வழி. தேர்வே இல்லாமல் உரிமம் எடுத்துத் தருவதாகச் சொல்லும் முகவரை அண்ட விடாதீர்கள். அதை இங்கு 'லெசன் தெர்பாங்', அதாவது பறக்கும் லைசென்ஸ் என்பார்கள், பறந்து போவது பெரும்பாலும் கொடுத்தவரின் பணமே. கணினித் தேர்வை நீங்கள் தமிழிலேயே எழுதலாம். 50 கேள்விகளில் 42க்குச் சரியான விடை தந்தால் தேர்ச்சி. பிறகு ஈராண்டுக்கு, புது ஓட்டுநர் என்பதைக் காட்டும் 'பி' எழுத்தைக் காரில் ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். பதினைந்தாண்டு ஓட்டியவருக்கு அது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், காகிதத்தைவிடப் பழக்கமே பெரிய சிக்கல். இடப்பக்கம் ஒன்றாக இருப்பதே நம்மவரை ஏமாற்றிவிடுகிறது. திருச்சியிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், ஜார்ஜ்டவுனில் ஒரு சந்திப்பில் சிவப்பு விளக்கு எரியும்போதே 'ஃப்ரீ லெஃப்ட்தானே' என்று இயல்பாக இடப்பக்கம் திரும்பினார். அதே நேரம் பச்சை விளக்கைப் பார்த்து, கையில் காய்கறிப் பையுடன் ஓர் அம்மா சாலையைக் கடக்கத் தொடங்கியிருந்தார். பிரேக் பிடித்தது, பை மட்டும் கீழே விழுந்தது. இங்கே தனிப் பலகையோ அம்புக்குறி விளக்கோ அனுமதித்தாலன்றிச் சிவப்பில் இடப்பக்கமும் திரும்பக் கூடாது.

வட்டச்சந்தியிலும் அப்படியே: வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட்டு நின்றபின்தான் நுழைய வேண்டும்; ஹாரன் அடித்துக்கொண்டு முன்மூக்கை நுழைத்து இடம் பிடிக்கும் நம்மூர் வித்தையை இங்கு யாரும் எதிர்பார்ப்பதில்லை. இடப்பக்க இடைவெளியில் மோட்டார் சைக்கிள்கள் விரைந்து வருவதால், திரும்புமுன் கண்ணாடியை இருமுறை பாருங்கள். பின்னிருக்கையில் அமர்பவருக்கும் இருக்கைவார் கட்டாயம். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் வண்டியை எடுக்குமுன் நீங்களே அதை மாட்டிவிடுங்கள். விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும்.

அனுமதி முடியக் காத்திராமல் இந்த வாரமே ஒரு பயிற்சிப் பள்ளியில் விசாரியுங்கள். வகுப்பு, கணினித் தேர்வு, களத் தேர்வு என்று நாள்கள் ஓடிவிடும். இடையில் அனுமதி முடிந்துவிட்டால், நண்பரின் சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குப் பேருந்தில் போய் வாருங்கள்.