ரவுண்டானாவில் 'ஓரமாப் போ' என்று சொல்லலாமா?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு அரசு சைக்கிள் கிடைத்திருக்கிறது. நன்றாகத்தான் ஓட்டுகிறாள், ஆனால் பள்ளிக்குப் போகும் வழியில் உள்ள ரவுண்டானா என்றாலே பயம். 'ஓரமாவே போ' என்று சொல்லி அனுப்புகிறேன், சரிதானே? நான் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் சைக்கிள் கற்றவள். அப்போது இவ்வளவு வண்டி ஏது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அறிவொளிக்காரரா! அப்படியானால் நேராகவே சொல்லிவிடுகிறேன், சரியில்லை.

வெளி ஓரத்தை ஒட்டிப் போகிற சைக்கிள் ஒவ்வொரு சாலையின் வாயையும் குறுக்கே கடந்தாக வேண்டும். உள்ளே நுழைகிறவர் வலப்பக்கம் பஸ், கார் வருகிறதா என்றுதான் பார்ப்பார், ஓரத்துச் சைக்கிள் அவர் கண்ணில் விழாது. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டியோ முந்திக்கொண்டு வந்து, இடப்பக்கச் சாலையில் இறங்கக் குறுக்கே வெட்டும். பஸ் என்றால் இன்னும் மோசம், முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்வாங்கித்தான் வரும், அந்த இடுக்கில் உங்கள் பெண் இருப்பாள். வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடு என்கிறது சட்டம். நம் ஊரில் பெரிய வண்டிக்குத்தான் வழி.

சின்ன ரவுண்டானா என்றால், வலப்பக்கம் பார்த்து இடைவெளி கிடைத்ததும் இடது லேனின் நடுவில் போகட்டும். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அடிக்கிறவர் அவளைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இறங்கும் சாலைக்கு முன்னால் இடது கையைக் காட்ட வேண்டும். மூன்று லேனில் பஸ்கள் பறக்கிற பெரிய ரவுண்டானா என்றால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே சாலையைக் கடக்கலாம், நானும் அதைத்தான் செய்கிறேன்.

இதில் கஷ்டமான வித்தை பின்னால் திரும்பிப் பார்ப்பதுதான். தலை திரும்பினால் ஹேண்டிலும் கூடவே திரும்பும். காலி மைதானத்தில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு, அதன் மேல் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள், கோட்டை விட்டு விலகாமல் எத்தனை விரல் என்று அவள் சொல்ல வேண்டும். அது கைவந்ததும் ஒற்றைக் கையில் ஓட்டிப் பழகட்டும். சாப்பாட்டுப் பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு இதெல்லாம் நடக்காது, பை கேரியருக்குப் போகட்டும்.

இங்கிலாந்தில் 2007இல் தொடங்கிய 'பைக்கபிலிட்டி' என்ற பயிற்சி இப்படித்தான் போகிறது: முதல் நிலை மைதானத்தில், இரண்டாவது அமைதியான தெருக்களில், மூன்றாவதில்தான் நெரிசலான சாலையும் ரவுண்டானாவும். இங்கே சைக்கிளைக் கொடுக்கிறோம், சாலையில் ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1990களின் தொடக்கத்தில் உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஊர் ஊராக முகாம் போட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அந்த மாதிரி முகாம் ஒவ்வொரு பள்ளி மைதானத்திலும் நடத்தலாம், பெரிய செலவும் இல்லை.

அதுவரை நீங்கள்தான் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு அவளோடு அதே ரவுண்டானாவைச் சுற்றி வாருங்கள், முதலில் நீங்கள் முன்னால், அப்புறம் அவள். போவதற்கு முன் இரண்டு சைக்கிளிலும் பிரேக்கைப் பார்த்துவிடுங்கள்.