டிஸ்க் கோல்ஃபுக்கு ஒரே ஒரு கண்ட்ரோல் டிரைவர்தான் கிடைக்கும் என்றால் எதைக் கேட்கலாம்?

கேள்வி பரந்தனில் இருந்து ஒரு தம்பி கேட்டது. கையில் ஒரு மிட்ரேஞ்ச் டிஸ்க்கும் (நடுத்தரத் தூரத்துக்கு எறிவது) ஒரு பட்டரும் (கிட்ட நின்று எறிந்து முடிப்பது) இருக்கின்றனவாம். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற மாமா அடுத்த பார்சலில் ஒரு டிரைவர், அதாவது தூரத்துக்கு எறிகிற தட்டு, வாங்கிப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். டீபேர்ட், தண்டர்பேர்ட், லெப்பர்ட்3 என்ற மூன்று டிரைவர்களில் எது என்று கேட்டுவிட்டு, கடைசியில் "இல்லாவிட்டால் நல்ல தூரம் போகிற 12ஆம் வேகத்து டிஸ்க் ஒன்றையே கேட்கட்டா?" என்றும் ஒரு வரி போட்டிருக்கிறார்.

முதலில் அந்தக் கடைசி வரிக்குப் பதில்: வேண்டாம். மற்றதற்குப் பதில்: மிட்ரேஞ்சை மட்டமாக எறிந்தே எழுபது மீட்டர் தாண்டுகிறது என்றால் டீபேர்ட். தாண்டவில்லை என்றால் லெப்பர்ட்3. விசுவமடுப் பக்கம் வயல்வெளியில் பொடியளோடு எறிகிறவன் என்ற முறையில் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

விளையாட்டே தெரியாமல் வாசிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃபில் பந்து, இதில் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் விழுத்த வேண்டும். அந்தச் சங்கிலிக் கூடையை 1970களில் அமெரிக்காவில் உருவாக்கியவர் எட் ஹெட்ரிக். எங்களிடம் இருப்பது பழைய சைக்கிள் ரிம்மில் சங்கிலி கட்டியது. அதுவும் இல்லாத இடத்தில் பனைமரம்தான் கூடை.

1983இல் டேவ் டுனிபேஸ் என்பவர் தட்டின் விளிம்பைச் சரிவாகக் கூராக்கிப் பார்த்தார். அது காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. இன்றைய டிரைவர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். விளிம்பு அகலமாகவும் கூராகவும் இருக்க இருக்க வேகம் கூடும். கூடவே எறிகிறவரிடம் அது எதிர்பார்க்கிற வேகமும் கூடும். விளம்பரத்தில் இந்த இரண்டாவது பாதியை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் இருக்கும். டீபேர்டுக்கு 7, 5, 0, 2. முதலாவது வேகம், இரண்டாவது மிதப்பு. மூன்றாவது, தட்டு வேகமாகப் போகும்போது எவ்வளவு திரும்பும் என்பது. நான்காவது, வேகம் குறைந்து விழப் போகும்போது எதிர்ப்பக்கம் எவ்வளவு வளையும் என்பது. வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளியே வீசி) எறிந்தால் மூன்றாவது எண் வலப்பக்கத் திருப்பம். அது மைனஸில் போகப் போகத் திருப்பம் கூடும். நான்காவது இடப்பக்க வளைவு. ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கை முன்னே பார்க்கப் பக்கவாட்டில் வீசினால்) எல்லாம் மறுபக்கம். கண்ட்ரோல் டிரைவர், ஃபெயர்வே டிரைவர் என்றெல்லாம் சொல்வது அநேகமாக 6இலிருந்து 9 வரை வேகம் உள்ளவற்றைத்தான். லெப்பர்ட்3 இன் எண்கள் 7, 5, -2, 1. தண்டர்பேர்ட் 9, 5, 0, 2.

இந்த எண்கள் ஒரு கணிசமான வேகத்தில் எறிகிற கையை வைத்துப் போடப்பட்டவை. 12ஆம் வேகத்து டிஸ்க்கை நாங்கள் எறிந்தால் அது தன் வேகத்தைத் தொடவே தொடாது. அதனால் மூன்றாவது எண் வேலை செய்யாது, நான்காவது மட்டும் வேலை செய்யும். கையை விட்ட கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் சரிந்து பொத்தென்று விழும். பார்த்தால் மிட்ரேஞ்ச் அதைவிடத் தூரம் போயிருக்கும். பன்னிரண்டு வேண்டாம் என்றதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இனிக் காற்று. இந்தக் கேள்விக்கு யூடியூபில் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் மரங்களுக்கு நடுவே எறிகிறவர்கள் சொல்வது. எங்களுக்கு மரம் பிரச்சினை இல்லை, காற்றுத்தான் பிரச்சினை. வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் ஆவணி வரை வெட்டவெளியில் நிற்கவே ஒரு பிடிமானம் வேண்டும். காலபோக வெட்டு முடிந்து வயல் காய்ந்து, எறிய வசதியாகக் கிடக்கிற மாதங்களில் பாதியை இந்தக் காற்று எடுத்துக்கொள்ளும்.

எதிர்க்காற்றில் எறியும்போது தட்டின் மேல் ஓடுகிற காற்றின் வேகம் கூடுகிறது. தட்டைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பலமாக எறிந்த மாதிரி. அப்போது மூக்கைக் கீழே அமுக்குகிற விசை வருகிறது. ஆனால் தட்டு சுழன்றுகொண்டிருப்பதால் அது மூக்குக் குத்தாமல் பக்கவாட்டில் புரளும். பம்பரம் நேரே விழாமல் சாய்ந்து சுற்றுகிறதே, அதே கணக்கு. வலக்கை பேக்ஹேண்டில் அது வலப்பக்கப் புரளல். லெப்பர்ட்3 மாதிரி -2 உள்ள ஒன்றைச் சோளகத்துக்கு எதிராக முழுப் பலத்தோடு எறிந்து பாருங்கள். முதலில் அழகாக நேரே போகும், பிறகு வலப்பக்கம் சாயும், சாய்ந்தது நிமிராது. அடிப்பக்கம் காற்றைப் பிடித்துவிட்டால் அடுத்த வரம்பையும் தாண்டி உருண்டுகொண்டே போகும். டீபேர்டில் மூன்றாவது எண் 0. அதே காற்றில் அது கொஞ்சம் வலப்பக்கம் யோசிக்கும், பிறகு நிமிர்ந்து, கடைசியில் இடப்பக்கம் மெதுவாக இறங்கும். இந்த 'திரும்பி வரும்' என்ற உத்தரவாதம்தான் கண்ட்ரோல் டிரைவரில் நாங்கள் காசு கொடுத்து வாங்குவது.

பின்காற்றில் கதை மாறும். தட்டின் மேல் காற்று குறைந்து மிதப்பும் குறையும், இடப்பக்க வளைவு கெதியாக வந்துவிடும். அங்கே லெப்பர்ட்3தான் சந்தோஷமாகப் போகும். அதனால்தான் இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால், கை போதுமான வேகம் உள்ளவர் டீபேர்டை எடுத்துக் கொஞ்சம் உயரமாக விடலாம். எதிர்க்காற்றில் லெப்பர்ட்3ஐக் காப்பாற்றவும் வழி உண்டு. வெளி விளிம்பை நன்றாகக் கீழே சாய்த்து, பலத்தைக் குறைத்து, தாழ்வாக எறிய வேண்டும். முடியும், ஆனால் ஒவ்வொரு தடவையும் சரியாக வராது.

லட்டிடியூட் 64 என்ற நிறுவனத்தின் ரிவர் என்று ஒரு டிஸ்க் உண்டு. மிதப்பு எண்ணே 7. மார்கழி விடியலில், காற்று அடங்கிய நேரத்தில் அதை எறிந்தால் இறங்கவே மனமில்லாமல் போகும். சோளகத்தில் அதே மிதப்புத்தான் எதிரி. அருமையான டிஸ்க், எங்கள் ஊருக்கு முதல் டிரைவராக நான் சொல்ல மாட்டேன். டிஸ்க்மேனியா என்ற இன்னொரு நிறுவனத்தின் எஃப்டி 7, 6, -1, 1. டீபேர்டுக்கும் லெப்பர்ட்3க்கும் நடுவில் நிற்கும். மாமா போகிற கடையில் மற்ற இரண்டும் இல்லையென்றால் யோசிக்காமல் எடுக்கலாம்.

தண்டர்பேர்ட் என்னைக் கேட்டால் இந்த வகையிலேயே சிறந்தது, ஆனால் உங்களுக்கு இப்போது அல்ல. மற்ற மூன்று எண்களும் டீபேர்ட் மாதிரியே இருந்தாலும் அந்த 9க்கு உரிய வேகம் கையில் வேண்டும். அடுத்த வருடம் பார்க்கலாம்.

ஒரு டிஸ்க் பலவிதமாக உதவுமா என்பதை எண்ணைப் பார்த்து முழுதாகச் சொல்ல முடியாது. வெளி விளிம்பைக் கீழே சாய்த்து எறியும்போது முழுத்தூரமும் இடப்பக்கமே வளைந்து போக வேண்டும். மட்டமாக எறிந்தால் பெரும்பகுதி நேரே போய்க் கடைசியில் மட்டும் வளைய வேண்டும். வெளி விளிம்பை மேலே தூக்கி எறிந்தால் வலப்பக்கம் கொஞ்சத் தூரம் பிடித்துக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். இந்த மூன்றாவதில்தான் வேறுபாடு தெரியும். ஃபயர்பேர்ட் மாதிரி 9, 3, 0, 4 உள்ளவை வலப்பக்கம் போகவே மறுக்கும். ரோட்ரன்னர் மாதிரி -4 உள்ளவை போனால் வராது. ஃபோர்ஹேண்டில் எறிகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் அது டீபேர்டுக்கு இன்னொரு ஓட்டு. பந்து எறிந்து பழகிய கை தட்டை விடும்போது மணிக்கட்டு புரளும். அந்தப் புரளலை 0 தாங்கும், -2 தாங்காது. எங்கள் பொடியள் எல்லாரும் கிரிக்கெட் கை என்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

பிளாஸ்டிக்கையும் மாமாவிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மலிவானது வந்துவிடும். நீங்கள் கேட்ட மூன்றையும் செய்கிற இன்னோவா நிறுவனத்தில் டிஎக்ஸ் என்பது விலை குறைந்த பிளாஸ்டிக். புதிதில் பிடி நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் கூடை பனை. வெட்டாத வடலியில் அடிமட்டைக் கருக்கு வாள்ப்பல் மாதிரி நிற்கும். அதில் டிஎக்ஸ் பட்டால் விளிம்பில் பல்லுப் பல்லாக வெட்டு விழும். விளிம்பு கெட்டால் எண்களும் மாறிவிடும்; தேயத் தேய டிஸ்க் வலப்பக்கம் புரள்கிற பக்கமாகத்தான் மாறும். சாம்பியன் பிளாஸ்டிக் கல்லு மாதிரி உழைக்கும், ஆனால் வியர்த்த கையில் வழுக்கும். பங்குனி வெயிலில் பின்னேரம் நாலு மணிக்கு யாருக்குத்தான் கை காய்ந்திருக்கும்? ஆகவே ஸ்டார். சாம்பியனைவிடப் பிடி கிடைக்கும், கருக்கையும் ஓரளவு தாங்கும். கூட ஒரு பழைய சாரத்துண்டை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

எடை 168இலிருந்து 172 கிராம் வரை. 21 சென்டிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள டிஸ்க்குக்கு விதிப்படி மேல் எல்லையே 175, 176 கிராம் அளவில்தான். பாரமானது காற்றில் நிலைத்துப் போகும் என்பது உண்மை, ஆனால் அதை வேகப்படுத்துவதும் கையின் வேலைதான். 150 கிராம் அளவில் வருகிற இலேசானவை சோளகத்தில் சருகு.

நிறத்தைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். எங்கள் மண் செம்மண், வெட்டிய வயல் வைக்கோல் நிறம், ஓரத்துப் பற்றை பச்சை. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை நாலும் போயிற்று. நீலம், அல்லது கண்ணைக் குத்துகிற இளஞ்சிவப்பு. வெளிச்சம் ஊடுருவுகிற கண்ணாடி மாதிரியான தட்டுகள் புல்லுக்குள் விழுந்தால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. வந்தவுடன் அடிப்பக்கத்தில் அழியாத மையால் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள்.

எறிகிற இடம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், வெளிநாட்டுப் பதில்களில் இது இருக்காது. உழுது விதைத்து வெட்டிய வயல், பள்ளிக்கூட மைதானம், ஆட்கள் நாளாந்தம் நடமாடுகிற காணி, இவற்றில் மட்டும் எறியுங்கள். மண்டையோட்டுப் பலகையோ சிவப்புக் குறியோ நிற்கிற பக்கம், வெடிபொருள் அகற்றி முடிந்தது என்று உறுதியாகத் தெரியாத பற்றைக்காணி, அந்தத் திசைக்கே எறிய வேண்டாம். தவறிப் போனால் தட்டைத் தேடி ஒரு அடிகூட உள்ளே வைக்க வேண்டாம், போனது போனதுதான். குளக்கட்டில் நின்று தண்ணீர்ப் பக்கம் எறிவதும் வேண்டாம், இது வெறும் காசுக் கணக்கு. ஸ்டார் பிளாஸ்டிக் டிரைவர் தண்ணீரில் தாழும்.

மாமாவிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டுக்குக் கிட்ட ஈ.டி. சீடன் பார்க் மாதிரி டிஸ்க் கோல்ஃப் மைதானங்கள் உண்டு, அங்கே விளையாடுகிறவர்கள் தேய்ந்த டிஸ்க்குகளைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதுண்டு. நன்றாகத் தேய்ந்த டீபேர்ட் ஒன்று அகப்பட்டால் புதியதோடு சேர்த்துப் பார்சலில் போடச் சொல்லுங்கள். தேய்ந்தது கிட்டத்தட்ட லெப்பர்ட்3 மாதிரிப் பறக்கும், பின்காற்றுக்கு அது, எதிர்க்காற்றுக்குப் புதியது. வந்ததும் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிசிறு தட்டினால் சின்னக் கத்தியால் மெதுவாகச் சீவிவிடலாம். விரலை வெட்டாமல் இருந்தால் போதும், வழவழப்பாக்கப் போக வேண்டாம். பார்சலில் வளைந்து வந்திருந்தால் பயப்படவும் வேண்டாம். சமதரையில் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துக் கையால் நிமிர்த்தினால் ஸ்டார் பிளாஸ்டிக் பழைய உருவத்துக்கு வரும்.