செயின் பறிப்பில் அம்மாவின் கை முறிந்தது. வழக்கு வெறும் 304-இல் போகலாமா?

கேள்வி: 2025 மார்ச்சில் ஒரு மாலை, தெருவில் நடந்துபோன என் அம்மாவின் கழுத்துச் செயினை பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன் பிடித்து இழுத்தான். அம்மா விடாமல் பற்றிக்கொண்டதால் அவரைக் கீழே தள்ளிவிட்டுப் பறித்துக்கொண்டு போய்விட்டான். மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டோம். சில வாரங்களில் இருவரும் பிடிபட்டார்கள். அம்மாவை ஸ்டேஷனுக்கு அழைத்து "இவன்தானா?" என்று காட்டினார்கள். செயினை ஓர் அடகுக் கடையிலிருந்து மீட்டிருக்கிறார்கள். குற்றப்பத்திரிகையில் 304-ஆம் பிரிவு மட்டும் இருக்கிறது. "ஒப்புக்கொண்டுவிட்டார்கள், கவலைப்படாதீர்கள்" என்கிறது போலீஸ். எவ்வளவு தண்டனை கிடைக்கும்? செயின் எப்போது கைக்கு வரும்? அவர்கள் வீட்டார் சமாதானம் பேச வருகிறார்கள், என்ன செய்வது?

பதில்: நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த 304-ஐப் பற்றித்தான்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 304 என்பது பறிப்புக் குற்றம். அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறை, அபராதம். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பிரிவு அது. ஆனால் பொருளை எடுப்பதற்காகவே ஒருவரைக் காயப்படுத்தினால் அது கொள்ளை, அதாவது 309. உங்கள் அம்மா செயினை விடவில்லை, அதை விடவைக்கத்தான் தள்ளினான். 'அதற்காகவே' என்பதுதான் இங்கே உயிர். பொருளைப் போட்டுவிட்டு ஓடும்போது, தப்பிப்பதற்காக யாரையாவது தள்ளியிருந்தால் கதை வேறு.

கொள்ளைக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல். கொள்ளையின்போது காயம் ஏற்படுத்தினால் 309(6): ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை. இதில் கூட்டாக ஈடுபட்ட மற்றவரும் சிக்குவார், அதனால் பைக்கை ஓட்டியவன் "நான் வண்டிதான் ஓட்டினேன்" என்று நழுவ முடியாது. அப்புறம் எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். கொள்ளையின்போது கொடுங்காயம் ஏற்படுத்தியவருக்கு 311-இன்படி 7 ஆண்டுக்குக் குறையாமல் தண்டனை கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் இது தள்ளியவனுக்கு மட்டும்தான் பொருந்தும். கத்தி போன்ற கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினாலும் இதே பிரிவுதான்.

எந்தக் கோர்ட் என்பதும் இதைப் பொறுத்தது. 311 வந்தால் வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும். வராவிட்டால் முதல் வகுப்பு நடுவரிடமே நடக்கும். அவரால் 3 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. கூடுதல் தண்டனை தேவை என்று கருதினால் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்பலாம், அவருடைய வரம்பு 7 ஆண்டு.

அன்று மாலையே எஃப்.ஐ.ஆர். போட்டபோது எக்ஸ்ரே கையில் இருந்திருக்காது. அதன் பிறகு போலீஸ் பிரிவை மாற்றி கோர்ட்டுக்கு அறிக்கை கொடுத்திருக்க வேண்டும், செய்யவில்லை. இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் கோர்ட் குற்றச்சாட்டைத் திருத்தலாம். எக்ஸ்ரே, காயச் சான்றிதழ், சிகிச்சைச் சீட்டு ஆகியவற்றின் நகல்களுடன் அரசு வழக்கறிஞரை நேரில் போய்ப் பாருங்கள். அவருக்கு உதவியாக உங்கள் தரப்பில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள கோர்ட் அனுமதி கேட்கலாம். சாட்சி விசாரணை தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது ஆதாரம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அதில் எந்தப் பகுதி ஒரு பொருளைக் கண்டுபிடிக்க வைத்ததோ, அந்தப் பகுதி மட்டுமே ஏற்கப்படும். "அடகு வைத்த கடையைக் காட்டுகிறேன்" என்று சொல்லி அழைத்துப்போய்க் காட்டியிருந்தால் அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு. ஆக, மகஜர் (பறிமுதலைச் சாட்சிகள் முன் எழுதிய குறிப்பு), அடகுச் சீட்டு, கடைக் கணக்குப் புத்தகம், கடைக்காரர் சாட்சியம் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பறிமுதலை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இப்போது சட்டம். பறிபோன கொஞ்ச நாளிலேயே ஒருவரிடம் பொருள் இருந்து, அதற்கு அவர் சரியான விளக்கம் தரவில்லை என்றால், அவரே திருடியவர் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என்று கோர்ட் ஊகிக்கலாம்.

செயின் அம்மாவுடையதுதான் என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும். "தங்கச் செயின்" என்றால் போதாது. கொக்கிக்குப் பக்கத்தில் அறுந்து பற்றவைத்த கண்ணி, டாலரின் ஓரத்தில் நெளிவு என்று ஏதாவது தனி அடையாளம் இருந்தால் இப்போதே நினைவுபடுத்தச் சொல்லுங்கள். வாங்கிய ரசீதும் பழைய போட்டோவும் கைகொடுக்கும்.

ஸ்டேஷனில் ஆளைக் காட்டியதுதான் இந்த வழக்கின் பெரிய ஓட்டை. மேஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு, அதாவது பலரோடு வரிசையில் நிறுத்தி ஆளை அடையாளம் காட்டச் சொல்வது, நடத்தியிருக்க வேண்டும். முன்பே பார்த்துவிட்டதால் இனி நடத்தினாலும் பலன் இல்லை. அதற்காக வழக்கு விழுந்துவிடாது. கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்று அடையாளம் காட்டுவதுதான் மூல சாட்சியம், அணிவகுப்பு அதற்குத் துணை. அன்று வெளிச்சம் இருந்ததா, முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தார், ஹெல்மெட் போட்டிருந்தானா என்றெல்லாம் குறுக்கு விசாரணையில் துருவுவார்கள். ஸ்டேஷனில் காட்டினார்களா என்று கேட்டால் "ஆமாம்" என்றே அம்மா சொல்லட்டும். அதை மறைக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த ஒரு பொய் அம்பலமானால், உண்மையாகச் சொன்ன மற்றதையும் சேர்த்து எதிர்த்தரப்பு உடைத்துவிடும்.

செயினுக்காகத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். வழக்குச் சொத்தை இடைக்காலமாகத் திரும்பக் கேட்டு மனு போடுங்கள். நகைகளை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் காவல் நிலையத்தில் வைத்திருக்கத் தேவையில்லை என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. போட்டோ எடுத்து, பட்டியல் எழுதி, பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். மேல்முறையீடு முடியும் வரை விற்கவோ, அழித்து வேறு நகை செய்யவோ கூடாது.

சமாதானம் பற்றி: கொள்ளைக் குற்றம் தரப்பினர் தாங்களே ராஜியாகி முடித்துக்கொள்ளக்கூடியது அல்ல. பணம் வாங்கிக்கொண்டு அம்மா முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாக மாறினால், பொய் சாட்சி சொன்ன சிக்கலில் அவரே மாட்டலாம். மிரட்டினால் எழுத்துமூலம் புகார் கொடுங்கள், அது தனிக் குற்றம்.

தண்டனையை முடிவு செய்யும்போது வயது, முன்குற்றம், காயத்தின் அளவு, பொருள் திரும்பியதா என்பதையெல்லாம் நீதிபதி பார்ப்பார். விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்கள் கழிக்கப்படும். பல பிரிவுகளில் தண்டனை வந்தாலும் ஏககாலத்தில் அனுபவிக்கச் சொல்வதே பெரும்பாலும் நடக்கிறது. சிகிச்சைச் செலவுக்கு இழப்பீடு தரும்படி கேட்க மறக்காதீர்கள், வழக்கறிஞர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. விடுதலையானாலோ, சிறிய பிரிவில் மட்டும் தண்டித்தாலோ, இழப்பீடு குறைந்தாலோ அம்மாவே மேல்முறையீடு செய்யலாம். சிறைக்காலம் போதாது என்பதற்காக மட்டும் என்றால் அரசுதான் போக வேண்டும்.