நள்ளிரவில் தண்டவாளத்தில் தீப்பொறி!

கேள்வி: எங்கள் வீடு பல்லாவரத்தில், ரயில் பாதையை ஒட்டி. போன வாரம் நடுராத்திரியில் நீளமான வண்டி ஒன்று இரண்டு பக்கமும் தீப்பொறி பறக்க, காது கிழியும் சத்தத்தோடு ஊர்ந்து போனது. காலையில் பார்த்தால் தண்டவாளத்தின் தலையெல்லாம் கீறல். நன்றாக இருப்பதை எதற்குத் தேய்க்கிறார்கள்?
— வாசகி, பல்லாவரம்

பதில்: நன்றாக இருக்கும்போதே தேய்த்தால்தான் உண்டு! நீங்கள் பார்த்தது ரயில் கிரைண்டிங் மெஷின். வண்டிக்கு அடியில் வரிசையாகச் சாணைக்கற்கள், ஒவ்வொன்றையும் சுற்ற ஒரு மோட்டார். நம் ரயில்வேயில் 72 கல், 96 கல் வண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லையும் ஒவ்வொரு சாய்வில் வைத்திருப்பார்கள். ஒரு கல் மேல்பரப்பைச் சீவினால் அடுத்தது ஓரத்தைச் சீவும், எல்லாம் கடந்து போனபின் தண்டவாளத்தின் தலை பழைய வளைவுக்கு வந்துவிடும். ஒரு நடைக்குக் கழிவது 0.1, 0.2 மி.மீ. அளவுதான், அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. பாரம் ஏற்றிய சரக்கு வேகன் என்றால் அந்த இடத்தில் 11 டன்னுக்கு மேல்கூட இறங்கும். அது ஓயாமல் அழுத்தி அழுத்தியே உள்பக்க விளிம்பில் மயிரிழை விரிசல் விழும், வளைவுகளில் இன்னும் அதிகம். அந்தக் காலத்து மென்மையான இரும்பில் சக்கரமே தேய்த்துத் தேய்த்து விரிசலையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். இப்போது வருவது கெட்டியான எஃகு, சீக்கிரம் தேயாது, அதனால் விரிசல் அங்கேயே தங்கி உள்ளே இறங்குகிறது. ஒலியலையை உள்ளே அனுப்பி விரிசலைத் தேடும் அல்ட்ராசோனிக் சோதனையிலும் மேலே இருக்கும் விரிசல் கீழே இருப்பதை மறைத்துவிடலாம். இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்ட் என்ற இடத்தில் 2000 அக்டோபரில் இப்படித்தான் தண்டவாளம் துண்டு துண்டாகச் சிதறி 4 பேர் இறந்தார்கள். ஆக, சக்கரம் செய்யாத வேலையைக் கல் செய்கிறது.

அந்தக் கீறலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ரயில்கள் ஓட ஓட மழுங்கிவிடும். அதுவரை கொஞ்ச நாள் புதுசாக ஒரு ‘ஙீ’ சத்தம் கேட்கலாம்.

கேள்வி: என் பையன் எட்டாவது படிக்கிறான், இந்த மெஷினைக் கிட்டே போய்ப் பார்க்கணும் என்று அடம். கூட்டிப் போகலாமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: பாதையோரம் கண்டிப்பாக வேண்டாம் சார். அத்துமீறி நுழைந்தால் 1989 ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் 6 மாதம்வரை சிறை அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். அதைவிட, பறப்பது வெறும் வெளிச்சமில்லை, சூடான எஃகுத் துகள். காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் என்றுதான் வண்டியிலேயே தண்ணீர் ஏற்றிப் போகிறார்கள். நடைமேடையிலிருந்தோ நடைமேம்பாலத்திலிருந்தோ தள்ளி நின்று பார்க்கலாம், ஆனால் இந்த வேலை பெரும்பாலும் ராத்திரி பிளாக்கில், அதாவது ரயில்களை நிறுத்திவைக்கும் நேரத்தில், நடப்பதால் பையன் தூங்கிவிடுவான்! பகலிலேயே பார்க்கக் கிடைப்பது தண்டவாளங்களை ஒட்டவைக்கும் தெர்மிட் வெல்டிங். மேலே வைத்த கலத்தில் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் 2,000 டிகிரிக்கு மேல் கொதித்து, உருகிய இரும்பு இரண்டு தண்டவாள முனைக்கு நடுவே இறங்கும். ஆறினதும் கேங்மேன்கள் சின்ன கிரைண்டரை வைத்து முன்னும் பின்னும் இழுத்து அந்தப் புடைப்பைச் சமன்செய்வார்கள். அப்போதும் பொறி பறக்கும், அவனுக்கு அது போதாதா?

கேள்வி: ஜல்லியைக் குத்திக்கொண்டே போகும் மஞ்சள் வண்டியும் இதுதானா?
— வாசகர், ஆவடி

பதில்: இல்லை. அது டேம்பிங் மெஷின். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்கிப் பாதையின் மட்டத்தைச் சரிசெய்யும், தண்டவாளத்தைத் தேய்க்காது.