ஆச்சிக்கு ராத்திரிப் பலகாரம் எத்தனை மணிக்கு?

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. காரைக்குடியில் எங்களோடு இருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாலை 6 மணிக்குக் காபியோடு வெள்ளைப் பணியாரமோ மசாலா சீயமோ வேண்டும். சீரியல் முடிந்து 9 மணிக்கு மேல்தான் தோசையும் மிளகாய்ச் சட்னியும். 10 மணிக்குப் படுத்தால், சிறிது நேரத்திலேயே நெஞ்சு கரிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அப்புறம் இரண்டு மூன்று தடவை பாத்ரூம். ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே வேண்டாம். கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படுத்தால், நடுராத்திரியில் சர்க்கரை அளவு ரொம்ப இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கெட்ட கனவு வரும், ஆபத்தும்கூட. நீங்கள் மாற்ற வேண்டியது நேரத்தைத்தான்.

எண்ணெயில் ஊற்றி எடுத்த பணியாரம் வயிற்றை விட்டு இறங்க நேரம் பிடிக்கும். அதன்மேல் தோசையும் காரமும் போய், ஒரு மணி நேரத்தில் படுத்தால் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். பணியாரத்தை 4 மணிக்குக் கொடுங்கள், இரண்டு போதும். ராத்திரிப் பலகாரம் 7 மணிக்குள் முடியட்டும்: இட்லியோ இடியாப்பமோ, காரமில்லாத பருப்புக் குழம்போடு. சீரியல் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை! கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. உயரக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் கரிக்கும்.

காபி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்கலாம். குடித்த காஃபினில் பாதி கரையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சிலருக்கு அதற்கும் மேல். 6 மணிக் காபியில் பாதி 11 மணிக்கும் உடம்பில் இருக்கிறது. மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம். சுக்குக் காபி பரவாயில்லையே என்பார்கள். பல வீடுகளில் அதிலும் ஒரு ஸ்பூன் காபித்தூள் விழுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்ரூம் போவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. சாயங்காலம் அவர் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால், பகலெல்லாம் வளவில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததில் நீர் கோத்திருக்கிறது. படுத்ததும் அது ரத்தத்தில் திரும்பிச் சேர்ந்து சிறுநீராக இறங்கும். மதியம் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்கட்டும். ராத்திரியில் அப்பளம், வற்றல், ஊறுகாயைக் குறையுங்கள். உப்பும் ஒரு காரணம். தண்ணீரைப் பகலில் தாராளமாகக் குடித்துவிட்டு, 7 மணிக்குமேல் அளவாகக் குடிக்கட்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் இப்படிப் போகும் என்பதால் அதையும் பரிசோதியுங்கள். கால் வீக்கம் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிட்டால் எந்த நேரத்தில் போடுவது என்றும் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சு கரிப்போடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடையிலோ கையிலோ வலி இருந்தால், வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் இப்படித்தான் வரும்.