நாற்காலியை விட்டு எழ ஒரு காரணம்

கேள்வி: திருகோணமலை நகரில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் இயங்கும் எங்கள் அலுவலகத்தில் இருபத்திரண்டு பேர் காலை முதல் மாலை வரை கணினியின் முன் அமர்ந்தே வேலை செய்கிறோம். மூவருக்கு நீரிழிவு, பலருக்கு முதுகுவலி. வேலை தொடங்குமுன் அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்வோம் என்று முகாமையாளர் என்ற முறையில் அறிவித்தேன். முதல் வாரம் அனைவரும் வந்தனர். மூன்றாம் வாரம் நால்வரே வந்தனர். இதைக் கட்டாயமாக்கலாமா?
– உவர்மலை வாசகி ஒருவர்

பதில்: அன்புச் சகோதரி, கட்டாயமாக்க வேண்டாம். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ பஸ் ஏறி வருபவருக்கு அந்த அரை மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? சேலையோ அபாயாவோ அணிந்து வரும் பெண்கள் ஆண்களின் முன் குனிந்து நிமிரக் கூச்சப்படுவதும் இயல்பே. வராதவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களில் பணியாற்றியவர்களை ஆராய்ந்த மருத்துவ ஆய்வாளர் ஜெரி மொரிஸ் குழுவினர், நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக ஏற்பட்டதை 1953இல் வெளியிட்டனர். சாரதிகள் பணியில் சேரும்போதே இடுப்புப் பருத்தவர்களாக இருந்தனர் என்பதைச் சீருடை அளவுகளைக் கொண்டு அக்குழுவினரே பின்னர் எடுத்துக்காட்டியதால், வித்தியாசம் முழுவதற்கும் அமர்வே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும் அந்த நடத்துநர்களை எவரும் உடற்பயிற்சிக்கு அழைக்கவில்லை, அவர்களுடைய வேலையே அவர்களை நடக்க வைத்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே வேலையின் ஒழுங்கை மாற்றுங்கள். தேநீரை மேசைக்குக் கொண்டுவரும் வழக்கத்தை நிறுத்தி, ஓர் அறையில் வைத்து, அனைவரும் எழுந்து சென்று அருந்தச் செய்யலாம். அச்சுப்பொறியைத் தொலைவில் வைக்கலாம். அடுத்த மாடியில் இருப்பவருக்குத் தொலைபேசி எடுக்காமல் படியேறிச் சென்று பேசும் பழக்கத்தை நீங்களே தொடங்குங்கள். முகாமையாளர் எழாத அலுவலகத்தில் எழுந்து நடப்பவர் வேலையில் அக்கறையற்றவராகவே பார்க்கப்படுவார். மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பது நீரிழிவு உள்ளவர்களுக்கு மிகவும் நல்லது, ஏனெனில் இயங்கும் தசை இன்சுலினின் துணையின்றியும் இரத்தத்திலுள்ள குளுக்கோசை உறிஞ்சிக்கொள்ளும். இன்சுலின் ஏற்றுபவர்களும் இதயநோய் உள்ளவர்களும் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வெப்பமான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் எவரையும் வெளியே அனுப்பாதீர்கள். மாடித் தாழ்வாரமே போதும். மாலையில் டச்சுக்குடாக் கடற்கரையில் நடக்க விரும்புவோர் தாமாகச் சேர்ந்துகொள்வர்.

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், ஒரே தடவையில் பத்து நிமிடமாவது தொடர வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் கைவிட்டுவிட்டது; எனவே இரண்டு நிமிடப் படியேற்றமும் கணக்கில் சேரும்.

காலையில் வரும் அந்த நால்வரின் பயிற்சியையும் நிறுத்திவிடாதீர்கள், அவர்கள் விரும்பியே வருகிறார்கள்.